நுரையீரலில் எஞ்சிய துகள்: 1924-இன் மருத்துவக் கட்டுரையும் இழப்பீட்டுச் சட்டமும்

1924 ஜூலையில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் இங்கிலாந்தின் நோயியல் வல்லுநர் வில்லியம் எட்மண்ட் குக். ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் தூசியைச் சுவாசித்ததால் ஒரு பெண் தொழிலாளியின் நுரையீரல் தழும்பேறிப்போனதை அது விவரித்தது. மருத்துவ வரலாற்றில் அதற்குரிய இடம் அறியப்பட்டதே. சட்டத் துறையினராகிய நாம் அதை வேறொரு காரணத்திற்காகப் படிக்கிறோம்: நோய்க்கு எந்தப் பெயர் இடப்படுகிறதோ, அதுவே இழப்பீட்டை யார் தருவது என்பதையும் முடிவு செய்கிறது.

நுரையீரல் ஃபைப்ரோசிஸ் என்பது தழும்பு நோய். பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய திசுவில் துகள்கள் தங்க, உடல் அவற்றை அழிக்க முயன்று தோற்று, அவ்விடங்களில் தழும்பு படிகிறது. தழும்பு விரியாது, அதன் வழியே உயிர்வளி இரத்தத்தில் எளிதில் கலக்காது. தூசி வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். படிந்த தழும்பை அகற்றும் மருந்து இன்றளவும் இல்லை.

குக் ஆராய்ந்த நுரையீரல் ராச்டேல் நகரின் நெல்லி கெர்ஷாவுடையது. பன்னிரண்டு வயதில் ஆலை வேலைக்குப் போனவர். பின்னர் டர்னர் பிரதர்ஸ் ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனத்தில் கல்நார் நூற்றவர். 1922-இல் வேலை செய்ய முடியாமல் நின்றார். இது வேலையால் வந்த நோய் என்று உள்ளூர் மருத்துவர் சான்றளித்தார். அச்சான்றே அவருக்குப் பொறியானது. வேலையால் வந்த நோய்க்குத் தாம் பொறுப்பல்ல என்று நோய்க்காலக் காப்பீட்டுச் சங்கம் உதவித்தொகையை மறுத்தது. கல்நாரால் வரும் நோய் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. அப்படியொரு நோயே கிடையாது என்றது நிறுவனம். இரு கதவுகளும் அடைபட்ட நிலையில் 1924 மார்ச் 14 அன்று, 33 வயதில் அவர் இறந்தார். அடக்கச் செலவுக்குக் கணவர் உதவி கேட்டபோது, கொடுத்தால் முன்னுதாரணமாகிவிடும் என்று நிறுவனம் அதையும் மறுத்தது. அடையாளக் கல் இல்லாத கல்லறையில் அவர் புதைக்கப்பட்டார்.

மரண விசாரணையில் குக்கின் வேலை எளிதானதாக இல்லை. அந்த நுரையீரலில் பழைய காசநோயின் தழும்புகளும் இருந்தன. 'காசநோய்' என்று எழுதி முடித்திருந்தால் எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். காசநோயால் மட்டும் விளக்க முடியாத அளவுக்குத் தழும்பு பரவியிருந்தது. அதனிடையே கூர்முனை கொண்ட கனிமத் துகள்கள் கிடந்தன. அவற்றைக் கல்நார்த் தூசியோடு ஒப்பிட்டு உறுதி செய்தார். கனிமத் துகள்களைச் சுவாசித்ததால் உண்டான நுரையீரல் தழும்பே மரணத்தின் காரணம் எனப் பதிவாயிற்று. 1927-இல் அவர் எழுதிய அடுத்த கட்டுரையில் நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்ற பெயர் நிலைபெற்றது.

இந்த உண்மை அதற்கு முன்பே வேறொருவரின் வாயிலிருந்து வந்திருந்தது. லண்டன் மருத்துவர் மாண்டேக் மர்ரே 1906-இல் அரசுக் குழு முன் சாட்சியமளித்தபோது தம் நோயாளி ஒருவரைக் குறிப்பிட்டார். கல்நார் ஆலையில் தம்மோடு ஓர் அறையில் வேலை செய்த பத்துப் பேரில் எஞ்சியது தாம் மட்டுமே, மற்றவர்கள் முப்பது வயதையொட்டி இறந்துவிட்டார்கள் என்று அத்தொழிலாளி சொல்லியிருந்தார். அவர் சொல்லைத் தவிர வேறு சான்று தம்மிடம் இல்லை என்றும் மர்ரே சேர்த்துக்கொண்டார். தொழிலாளியின் சொல் சான்றாவதற்கு இன்னும் பல நுரையீரல்களை அறுக்க வேண்டியிருந்தது.

பின்னர் மெரிவெதர், பிரைஸ் இருவரும் நடத்திய அரசு ஆய்வு 1930-இல் வெளியானது. பரிசோதிக்கப்பட்ட 363 தொழிலாளர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் இத்தழும்பு இருந்தது. 1931-இல் விதிகள் வந்தன. ஆஸ்பெஸ்டோசிஸ் இழப்பீட்டுக்குரிய நோயானது. ஆனால் பட்டியலிடப்பட்ட ஆலை வேலைகளுக்கு மட்டுமே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியோர் வெளியே நிறுத்தப்பட்டனர்.

இந்தியாவில் சட்டத்தின் குறை பெயரில் இல்லை. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸும் ஆஸ்பெஸ்டோசிஸும் இடம்பெற்றன; அதற்கு மாற்றாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அவை உள்ளன. 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் வழக்கில், உடல்நலம் அரசமைப்பின் 21-ஆம் உறுப்புக்குள் அடங்கும் என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க ஆணையிட்டது.

பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்கு அந்த ஆணையால் என்ன பயன்? கல் உடைக்கும், பொடிக்கும் வேலைகளில் இருப்போர் பெரும்பாலும் தலித்துகளும் பழங்குடியினருமே. வேலைக்கு எடுப்பவர் ஒப்பந்தக்காரர், சம்பளச் சீட்டு கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளிலிருந்து குஜராத்தின் கல்மாவு ஆலைகளுக்குப் போன ஆதிவாசிகளில் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2016-இல் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கு தொடங்கியது 2006-இல்.

சிலிக்கா தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அதனால் நம்மிடம் வரும் கட்டுகளில் பெரும்பாலும் காசநோய்ச் சிகிச்சை அட்டைதான் இருக்கிறது. இரண்டு முறை, மூன்று முறை மருந்து உட்கொண்டும் மூச்சுத்திணறல் தீராதவரின் அட்டையில்கூட, என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டுகள் செய்தார் என்ற வரி வெறுமையாகவே கிடக்கிறது. கல்குவாரியில் வேலை செய்தவர் மருத்துவமனைக்குப் போனால் அந்த வரியை நிரப்பும்படி கேளுங்கள். எழுதிய சீட்டின் நகலையும் எக்ஸ்ரேயையும் வீட்டில் வையுங்கள். உடன் வேலை செய்த இருவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத வழக்கில் நாம் முதலில் தேடுவது அவர்களைத்தான்.