உங்களுக்குத் தெரியுமா? கணினியின் ராம் (தற்காலிக நினைவகம்) கூடினால் மட்டும் கல்யாண வீடியோ சீக்கிரம் முடிந்துவிடாது!

ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’ (1947) எடுத்தபோது படம் பிலிம் சுருளில் இருந்தது. இன்று செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம் 4கே வீடியோவாகக் கணினிக்குள் போகிறது. அதைச் சுருக்கும் வேலைதான் என்கோடிங்.

4கே ஃபிரேம் ஒன்றில் 3840 × 2160 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் சுமார் 12 எம்பி. என்கோடர் அதைப் பக்கத்து ஃபிரேம்களோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எழுதும். வளவின் (வீட்டு நடு முற்றத்தின்) பர்மா தேக்குத் தூண் அசையாது. அதற்கு எழுத வேண்டியது மிகக் குறைவு. திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் எல்லோரும் தூவுகிற பூவும் அட்சதையும்தான் பாடாய்ப் படுத்தும்! எக்ஸ்264 என்கோடர் வழக்கமாக 40 ஃபிரேம்களை முன்கூட்டியே பார்த்து வைக்கிறது. அதற்கும் சுமார் 500 எம்பி ராம் போதும்.

ஆகவே, 16 ஜிபி ராமை 32 ஆக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, பாடுபடுவது பிராசசர். ஆனால் எடிட்டிங் மென்பொருளும் சேர்ந்து ராம் நிரம்பி, மிச்சம் டிஸ்குக்குப் போனால் வேலை நத்தை வேகம்தான். புது ராம் வாங்குவோர் ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபியாகப் போடலாம்; இரண்டும் தனித்தனிப் பாதையில் (சேனல்) இயங்குவதால் கொஞ்சம் கைகொடுக்கும். டிடிஆர்4-3200 வகையில் ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜிபி வரை போகும்; இரு பாதையில் 51.2.