ஒரே கோட்டில் இரண்டு கூட்டம்

இரண்டு பள்ளிகளை, இரண்டு மாவட்டங்களை, இரண்டு ஊர்களின் மக்களை எண்களால் ஒப்பிடச் சொன்னால் பத்தாம் வகுப்பு மாணவர் முதலில் செய்வது ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் சராசரி எடுப்பார், எது பெரிது என்று எழுதுவார், கீழே இரட்டைக் கோடு போடுவார். கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஒப்பீடு இன்னும் தொடங்கியிருக்காது.

கருவிகளுக்குக் குறையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒன்பதாம் வகுப்பிலேயே கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றும் வந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு. மேல்நிலை வகுப்பில் முழுமைத்தொகுதி, கூறெடுப்பு. முழுமைத்தொகுதி என்பது மக்கள்தொகை மட்டுமல்ல. ஒரு தோப்பின் தேங்காய்கள் எல்லாம் சேர்ந்தாலும் முழுமைத்தொகுதிதான், ஒரு நாளில் ஒரு பணிமனையிலிருந்து கிளம்பிய பேருந்துகள் எல்லாம் சேர்ந்தாலும் அப்படியே. கேள்வி எதைப் பற்றியதோ, அது மொத்தமும். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் பாடம், எதற்கு எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறது.

சூத்திரத்துக்கு முன்னால் படம் வர வேண்டும். கரும்பலகையில் ஒரே அளவுகோலில் இரண்டு கோடுகள் போதும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு பிரிவுகளில் ஒன்பது ஒன்பது மாணவர்களைக் கேட்டதாக வைத்துக்கொள்ளலாம். ‘அ’ பிரிவில் 5, 8, 10, 10, 12, 15, 15, 20, 85. ‘ஆ’ பிரிவில் 14, 16, 18, 18, 20, 20, 22, 24, 28. இரண்டின் கூட்டுத்தொகையும் 180, இரண்டின் சராசரியும் 20 நிமிடம். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பிரிவும் ஒன்றுதான். புள்ளிகளைக் கோட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்றல்ல என்பது கடைசி வரிசையிலிருந்தே தெரியும். ‘அ’ பிரிவில் ஏழு பேர் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறார்கள், ‘ஆ’ பிரிவில் அப்படி வருபவர் ஒருவர்தான். 85 என்பது மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளையின் நேரம். அந்தப் புள்ளி மட்டும் பலகையின் மறுகோடியில் தனியாக நிற்கும்.

இடைநிலை அளவு அந்தப் புள்ளியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வரிசையில் நடுவில் நிற்பவரை மட்டும் கேட்கிறது: ‘அ’ பிரிவில் 12, ‘ஆ’ பிரிவில் 20. சராசரி மறைத்த எட்டு நிமிடம் இங்கே வெளியே வருகிறது.

திட்ட விலக்கம் போட்டால் ‘அ’ பிரிவுக்கு 23.4, ‘ஆ’ பிரிவுக்கு 4. மாறுபாட்டுக் கெழு முறையே 117 சதவீதமும் 20 சதவீதமும். ‘ஆ’ பிரிவே அதிக நிலைத்தன்மை உடையது என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் 85-ஐ ஒதுக்கிவிட்டு மீதி எட்டு பேருக்குப் போட்டால் ‘அ’ பிரிவின் திட்ட விலக்கம் 4.4-ஆக இறங்குகிறது, கிட்டத்தட்ட ‘ஆ’ பிரிவு அளவுக்கு. முன்பு வந்த 23.4-இல் பெரும்பங்கு ஒரே ஒரு பிள்ளையின் பஸ் பயணம். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்த மாணவருக்கு, விலகல்களை வர்க்கப்படுத்துவது என்ன செய்கிறது என்பது அதன் பிறகு மறக்காது.

அப்படியானால் 85-ஐத் தூக்கிவிடலாமா? வகுப்பில் இந்தக் கேள்வி தவறாமல் வரும், வர வேண்டும். முதலில் அது எழுத்துப்பிழையா என்று பார்க்க வேண்டும். உண்மையான எண் என்றால் எதற்காக ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது விடை. காலை மணி எப்போது அடிக்கலாம் என்பது கேள்வியானால் பெரும்பாலோரின் நேரம் முக்கியம். பள்ளிக்குப் பஸ் விட வேண்டுமா என்பது கேள்வியானால் அந்தப் பிள்ளைதான் கேள்வியே.

அடுத்த படி பெட்டி வரைபடம். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977-இல் வெளியிட்ட நூல் வழியே பரவலானது. வரிசைப்படுத்திய எண்களில் நடுப் பாதியைப் பெட்டிக்குள் அடைத்து, இடைநிலை அளவில் குறுக்கே ஒரு கோடு போட்டு, இரு பக்கமும் வால் இழுக்க வேண்டும். ‘அ’ பிரிவின் பெட்டி 9 முதல் 17.5 வரை, ‘ஆ’ பிரிவின் பெட்டி 17 முதல் 23 வரை. ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தால் பெட்டிகள் அரை நிமிட அகலத்தில் மட்டும் ஒன்றை ஒன்று தொடுகின்றன. ஒப்பீட்டின் உயிர் இந்த மேற்பொருந்தலில்தான் இருக்கிறது. எது பெரிது என்பதைவிட, இரண்டு கூட்டங்களும் எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்பதே நல்ல கேள்வி.

இதை எண்ணால் சொல்ல எளிய வழி, சராசரிகளின் இடைவெளியைத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பார்ப்பது. இந்தியாவில் வயதுவந்த ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்களுடையது சுமார் 152. திட்ட விலக்கம் இரு பக்கமும் ஏறத்தாழ 6.5 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி இரண்டு திட்ட விலக்கம். சமூக அளவீடுகளில் இது மிகப் பெரியது. அப்படியும் வழியில் போகும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நூற்றில் எட்டு முறை பெண்தான் உயரமாக இருப்பார். இப்போது ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிரிவின் சராசரி 62, இன்னொன்றுக்கு 60, திட்ட விலக்கம் இரண்டிலும் 15. இதே சோதனையில் குறைந்த சராசரிப் பிரிவின் மாணவர் நூற்றுக்கு 46 முறை வெல்வார். ஏறக்குறைய காசு சுண்டுவதுதான். இந்த இரண்டு மதிப்பெண்ணை வைத்து ஒரு பிரிவைக் கெட்டிக்காரப் பிரிவு என்று அழைப்பது பள்ளிகளில் சாதாரணமாக நடப்பது.

சதவீதங்களில் வேறொரு பொறி. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவிகளில் 94.53 சதவீதம் பேரும் மாணவர்களில் 88.58 சதவீதம் பேரும் தேர்ச்சி பெற்றனர். வித்தியாசம் ஆறு புள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதையே தேறாதவர்கள் பக்கமிருந்து பார்த்தால் 5.47-க்கு எதிரே 11.42, இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டும் உண்மை. எந்தத் தலைப்பு எந்தப் பத்திரிகையில் வரும் என்பதை மாணவர்களே யூகிக்கச் சொல்லலாம்.

இந்தத் தேர்ச்சி விகிதத்தில் எழுதிய எல்லாருமே எண்ணப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான ஒப்பீடுகளில் அந்த வசதி கிடைக்காது. கையில் இருப்பது மாதிரி மட்டும், தெரிய வேண்டியது முழுமைத்தொகுதியைப் பற்றி. பள்ளி அளவில் இந்தத் தாண்டலைக் கற்பிப்பதில் தனி வழி கண்ட நாடு நியூசிலாந்து. 2007-இல் வந்த அதன் பாடத்திட்டத்தில் பாடத்தின் பெயரே ‘கணிதமும் புள்ளியியலும்’. பிரிட்டனில் 2000-இல் தொடங்கிய ‘சென்சஸ் அட் ஸ்கூல்’ திட்டம் அங்கே 2003-இல் வந்தது. மாணவர்கள் தங்கள் உயரம், பயண நேரம் போன்றவற்றைத் தாங்களே அளந்து பதிவு செய்கிறார்கள். பிறகு அந்தப் பெருங்குவியலிலிருந்து மாதிரி எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

அங்கே முதலில் பழக்குவது மாதிரியின் ஆட்டத்தை. இருநூறு சீட்டுகளில் எண்களை எழுதி ஒரு பானையில் போட்டு, குலுக்கி, முப்பது சீட்டு எடுத்து ஒரு பெட்டி வரைய வேண்டும். சீட்டுகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, இன்னொரு முப்பது எடுத்து இன்னொரு பெட்டி. உத்திரமேரூர்க் குடவோலையின் நியாயமேதான் இதற்கும்: பானைக்குள் போன எந்த ஓலைக்கும் தனிச் சலுகை இல்லை. இரண்டு பெட்டிகளும் ஒரே பானையிலிருந்து வந்தவை. ஆனாலும் இடைநிலைக் கோடுகள் ஒரே இடத்தில் நிற்பது அபூர்வம். வித்தியாசமே இல்லாத இடத்திலும் வித்தியாசம் தெரியும் என்பதைக் கையால் குலுக்கிப் பார்த்தவர் எளிதில் நம்புவார், பலகையில் எழுதிப்போட்டால் நம்பமாட்டார்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் உண்மையென்று சொல்லலாம்? ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கிறிஸ் வைல்ட் குழுவினர் 2011-இல் எழுதிய கட்டுரையில் வயதுக்கேற்ற விதிகளைத் தந்தார்கள். பதினான்கு வயதில், மாதிரி 20 முதல் 40 வரை இருக்கும்போது, ஒரு குழுவின் இடைநிலைக் கோடு மற்றதன் பெட்டிக்கு வெளியே விழுந்தால் முழுமைத்தொகுதியிலும் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம். அடுத்த ஆண்டில், இரண்டு பெட்டிகளும் சேர்ந்து பிடித்திருக்கும் மொத்த நீளத்தோடு இடைநிலைகளின் தூரத்தை ஒப்பிட வேண்டும். மாதிரி 30 என்றால் அந்தத் தூரம் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். 100 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும், 1000 என்றால் பத்தில் ஒன்று. மாதிரி பெரிதாகப் பெரிதாகச் சிறிய வித்தியாசத்தையும் நம்பலாம் என்பது சூத்திரம் ஏதுமின்றி மனத்தில் பதிந்துவிடுகிறது. ‘அ’, ‘ஆ’ பிரிவுகள் இந்தச் சோதனையில் தேறினாலும் ஒன்பது பேர் மிகக் குறைவு. நண்பர்களை மட்டும் கேட்டு எடுத்த மாதிரியாக இருந்தால் ஒன்பதாயிரமும் உதவாது.

மாதிரி சரி, இடைவெளியும் பெரிது, கணக்கிலும் பிழையில்லை என்றாலும் ஒப்பீடு தலைகீழாகப் போகக்கூடும். இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டு அறிக்கைப்படி கேரளத்தில் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் 7.0 இறப்பு, பீகாரில் 5.4. இதை மட்டும் காட்டி, பிழைத்திருக்க எந்த மாநிலம் நல்லது என்று கேட்டால் வகுப்பு குழம்பும். ஏனென்றால் அதே அறிக்கையில் ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் கேரளத்தில் 6, பீகாரில் 27. முடிச்சு வயதில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் கேரளத்தில் 12.6 சதவீதம், பீகாரில் 7.4 சதவீதம். முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் இறப்பும் அதிகம், அவ்வளவுதான்.

இரண்டு கற்பனை ஊர்களை வைத்து இதைப் பலகையிலேயே அவிழ்க்கலாம். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பேர். முதல் ஊரில் 7,000 இளையோர், 3,000 முதியோர். இறப்பு இளையோரில் ஆயிரத்துக்கு 2, முதியோரில் 30. மொத்தம் 104 இறப்பு, ஆயிரத்துக்கு 10.4. இரண்டாம் ஊரில் 9,000 இளையோர், 1,000 முதியோர். அங்கே இளையோரில் 3, முதியோரில் 40. மொத்தம் 67 இறப்பு, ஆயிரத்துக்கு 6.7. இரு வயதுப் பிரிவிலும் மோசமான ஊருக்குத்தான் மொத்தத்தில் நல்ல பெயர். இரண்டு ஊரிலும் 8,000 இளையோர், 2,000 முதியோர் இருந்திருந்தால் என்று மாற்றிப் போட்டால் முதல் ஊருக்கு 7.6, இரண்டாவதற்கு 10.4. வயதைச் சமப்படுத்தி ஒப்பிடுவது என்று மக்கள்தொகையியலில் சொல்வது இதைத்தான். ஒரு பாடவேளைக்குள் முடிகிற கணக்கு, கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் நடந்ததும் இதன் உறவுதான். பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

ஓர் அளவை மட்டும் வைத்து ஒப்பிடுவதைத் தாண்டிப் போக விரும்பும் மாணவருக்குச் சொல்ல ஓர் இந்தியக் கதை உண்டு. இயற்பியல் படித்த பி.சி. மகாலனோபிஸ், கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து 1922-இல் கட்டுரை எழுதினார். உயரமும் கை நீளமும் ஒன்றோடொன்று சேர்ந்தே கூடும். இரண்டையும் தனித்தனி வித்தியாசமாகக் கூட்டினால் ஒரே சங்கதியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். இந்தச் சிக்கலுக்கு அவர் தந்த விடை 1936-இல் முழு வடிவம் பெற்று, இன்றும் உலகெங்கும் ‘மகாலனோபிஸ் தூரம்’ என்ற பெயரில் வழங்குகிறது. மண்டை ஓட்டை அளந்து மனிதக் கூட்டங்களைத் தரவரிசைப்படுத்திய இனவாத ஆய்வுகளும் அதே காலத்தவை என்பதை ஆசிரியர் மறைக்க வேண்டியதில்லை. தூரத்தை அளக்கும் கருவி எது உயர்ந்தது என்று சொல்வதில்லை. அதைச் சொன்னவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள்.

கடைசி வேலை, கண்டதை வாக்கியமாக எழுதுவது. இதற்குத் தேர்வில் மதிப்பெண் குறைவு, வகுப்பில் நேரம் அதைவிடக் குறைவு. ‘‘அ’ பிரிவினர் ‘ஆ’ பிரிவினரைவிடச் சீக்கிரம் வருகிறார்கள்’ என்று எழுதினால் தவறு, எல்லாரும் அப்படி இல்லை. ‘சராசரி சமம், எனவே வித்தியாசம் இல்லை’ என்பது அதைவிடத் தவறு. எழுத வேண்டியது நீளமாகத்தான் இருக்கும்: ‘விசாரித்த ஒன்பது ஒன்பது பேரில், ‘அ’ பிரிவினரின் பயண நேரம் பொதுவாக ‘ஆ’ பிரிவினரைவிடக் குறைவு. இடைநிலை அளவில் எட்டு நிமிட வித்தியாசம். நடுப் பாதிகள் அரை நிமிடம் மட்டும் கலக்கின்றன. பள்ளி முழுவதற்கும் இது பொருந்துமா என்று சொல்ல மாதிரி போதாது. ‘அ’ பிரிவில் ஒருவருக்கு 85 நிமிடம் ஆகிறது, அவர் இரண்டு பஸ் மாறி வருகிறார்.’