மலைப்பாதையில் கற்ற பாடம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தை முப்பதாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் ஏதங்களை எடுத்துரைத்து ஆற்றுப்படுத்தும் நூல் அது. வழுக்கும் இடம், மறைந்து கிடக்கும் குழி, பாம்பு உறையும் இடம் எனப் பெருங்கௌசிகனார் கூறுவனவற்றுக்கெல்லாம் பதவுரையும் பொழிப்புரையும் சொல்லியிருக்கின்றேன். ஆயினும், அத்தகைய வழியொன்றில் யான் ஒருநாளும் சென்றதில்லை. சென்ற மாசி மாதத்திலேதான் அக்குறை தீர்ந்தது.

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, ஹல்துமுல்லைக்கு இப்பால், கலுபஹன என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து பிரியும் பாதை, இலங்கையிலே மிக உயர்ந்ததும் 263 மீற்றர் உயரமுடையதுமாகிய பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் அயலாகச் சென்று, உடவேரியத் தேயிலைத் தோட்டத்தினூடாக ஓஹியாவை நோக்கி ஏறுகின்றது. ஓஹியாப் புகையிரத நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 1,774 மீற்றர் உயரத்திலுள்ளது. இடைப்பட்ட செங்குத்தான வழியைப் ‘பிசாசின் படிக்கட்டு’ என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலத்தில் அழைப்பர்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் விழாவிலே சொற்பொழிவாற்ற என்னை அழைத்துச் செல்ல வந்தவன் எனது பழைய மாணவன். மலைநாட்டுப் பாடசாலையொன்றிலே என்னிடம் பயின்றவன். செய்யுளை மனனஞ் செய்ய இயலாதவன் என்று பெயர் பெற்றவன். “உனக்குத் தமிழ் வராது” என்று ஒருநாள் வகுப்பின் முன்னிலையிலே அவனைக் கடிந்துகொண்டேன். அதன்பின் சில மாதங்களிலே அவன் படிப்பை விட்டுவிட்டான். இன்று பழைய லாண்ட் றோவர் வண்டியொன்றின் சாரதி.

தார்ச்சாலை முடிந்ததும் வண்டியை நிறுத்தி, ரயர்களிலிருந்து சிறிது காற்றை வெளியேற்றினான். காற்றுக் குறைந்தால் ரயர் அகன்று படிந்து கல்லைப் பற்றிக்கொள்ளுமாம். பின்பு சிவப்புக் குமிழ் கொண்ட சிறு நெம்புகோலை இழுத்தான். நான்கு சில்லுகளும் இயந்திரத்தோடு இணைந்தன. வேகம் குறைந்து வலு மிகுந்தது. மனிதன் நடக்கும் வேகத்திலும் மெதுவாக வண்டி கல்லின்மேல் கால்வைத்து ஏறலாயிற்று. சுக்கானைப் பிடித்த கையில் பெருவிரலை உள்ளே வளைக்காமல் வெளியே வைத்திருந்தான். சில்லு கல்லில் மோதிச் சுக்கான் திடீரெனச் சுழன்றால் விரல் முறிந்துவிடும் என்றான்.

மழைநீர் அரித்த வளைவொன்றிலே இறங்கி, முன்னே நடந்து ஒவ்வொரு கல்லையும் காலால் அசைத்துப் பார்த்தான். “நடந்து பார்க்காத இடத்தில் வண்டியை ஏற்றக்கூடாது, ஐயா” என்றான். பின்பு என்னை முன்னே மேட்டுப்பக்கத்தில் நின்று வழிகாட்டச் சொன்னான்.

அவனுக்கு இடப்புறம் பாதாளம். அவனை எதிர்நோக்கி நின்ற யான், சில்லு விளிம்பை அணுகக் கண்டு, “இடப்பக்கம்! இடப்பக்கம்!” என்று கூவினேன். யான் கருதியது எனது இடப்பக்கம். ஆசிரியர் சொல்லை ஐயுறாத அவன் தனது இடப்பக்கமே திருப்பினான். விளிம்பிலிருந்த கற்கள் பெயர்ந்து கீழே உருண்டன. அவை விழுந்து அடங்கிய ஓசை நெடுநேரம் கேட்டது. வண்டி நின்றது, என் நாவும் நின்றது. அவன் சிறிதும் பதறாமல், “ஐயாவின் இடம் எனக்கு வலம். வாயால் சொல்லவேண்டாம், கையால் காட்டுங்கள்” என்றான். சொல்லையே தொழிலாகக் கொண்ட யான் வாய்மூடிக் கைகாட்டினேன்.

பின்னோக்கி எடுத்தபோது, பின்சில்லொன்று நிலத்தினின்று மேலெழுந்து வீணே சுழன்றது. வலு முழுவதும் தடையற்ற சில்லுக்கே சென்றுவிட, நிலத்தில் நின்ற சில்லு திரும்பவில்லை. அவன் இயந்திரத்தை முடுக்காமல் இறங்கி, அதன்கீழ் கற்களை அடுக்கினான். விளையாட்டாக இங்கு வண்டியோட்ட வருவோர் சிலர் சில்லைச் சுழலவிட்டு மண்ணைக் கிளறிச் செல்வதும், அடுத்த மழையிலே அத்தடம் ஓடையாவதும் அவனுக்கு மனத்துயர். “அவர்களுக்கு இது ஒருநாள் வழி, எங்கள் பிள்ளைகளுக்குத் தினமும் நடக்கிற வழி” என்றான். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதைந்ததும் ஹல்துமுல்லைப் பகுதியிலேதான். மலைமண் சரிவது அங்குள்ளோர்க்குச் செய்தியன்று, அச்சம்.

மாலையில் அவன் தாயார் தேநீர் தந்து உபசரித்தார். கணவர் நோயுற்ற ஓர் இரவிலே, மழையில் வண்டியேதும் ஏறாமையால், நால்வர் அவரைக் கம்பளியில் இட்டு இப்பாதை வழியே சுமந்து இறங்கியதையும், பாதிவழியிலே உயிர் பிரிந்ததையும் கூறினார். பதினைந்து வயதில் மகன் பந்தம் பிடித்து முன்னே நடந்தானாம். எந்த ஆண்டென வினவினேன். யான் அவனைக் கடிந்துகொண்ட அதே ஆண்டு.

அன்றிரவு கோயில் முற்றத்திலே, ஆயத்தஞ் செய்த சொற்பொழிவை விட்டு மலைபடுகடாத்தையே எடுத்துக்கொண்டேன். வழியறிந்தவன் அறியாதவனுக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை என்றும், அதன் பொருளை இன்று காலையிலேதான் ஒருவன் எனக்குக் கற்பித்தான் என்றும் சபையறியச் சொன்னேன். வகுப்பின் முன்னிலையிலே சொன்ன சொல்லை மீட்பதற்கு அதனினும் பெரிய சபை வேண்டுமன்றோ?

விடைபெறும்போது, “இனி அந்நூலை உன் சொற்களைக் கொண்டே கற்பிப்பேன்” என்றேன்.

அவன் சிரித்தான். “கற்பியுங்கள் ஐயா. ஆனால், மனனஞ் செய்யச் சொல்லிவிடாதீர்கள்.”