எல்லா டெஸ்டும் பாஸ், ஆனா வார்னிங் ஓடவே இல்லை

கம்பைலர் வார்னிங் பத்தின எபிசோட்ல நேரமில்லாம விட்ட கதை இது. ஃபிளாக் பெயர்களை வாயால் படிக்கிற மாதிரியே எழுதியிருக்கேன், கோச்சுக்காதீங்க.

டொராண்டோவில் ஒரு கிளையன்ட். அவங்க பில்லிங் கோட் முழுக்க சி. லினக்ஸில் ஜிசிசி, மேக்கில் கிளாங், ரெண்டிலும் கம்பைல் ஆகணும். ஒண்ணுக்குத் தெரிந்த ஃபிளாக் இன்னொண்ணுக்குத் தெரியாது. அதனால் டெஸ்ட் சூட் தொடங்கும்போதே ஒரு ஸ்கிரிப்ட், நாலு வரி புரோகிராமை ஒவ்வொரு ஃபிளாகோடும் கம்பைல் பண்ணிப் பார்க்கும். கம்பைல் ஆனால் அந்த ஃபிளாகை வைத்துக்கொள்ளும். ஆகலைன்னா சத்தமில்லாமல் விட்டுவிடும். சிமேக், மெசான் மாதிரி கருவிகள் உள்ளே செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஸ்கிரிப்டை எழுதினது நான்.

இதில் ரெண்டு குழி ஏற்கெனவே தெரியும். தெரியாத வார்னிங் ஃபிளாக் கொடுத்தால் கிளாங் ஒரு வார்னிங் மட்டும் சொல்லிட்டு எக்ஸிட் கோட் 0 தரும். நம்ம ஸ்கிரிப்ட் "ஆதரவு உண்டு" என்று நம்பிவிடும். அதனால் சோதிக்கும்போது கூடவே 'டபிள்யூ எரர்' போடணும். ஜிசிசி நேர் எதிர். தெரியாத ஃபிளாகுக்கு எரர் தரும், ஆனால் அதே பெயரை 'டபிள்யூ நோ' என்று மறுத்துக் கொடுத்தால் வாயே திறக்காது. வேறு ஏதாவது வார்னிங் வந்தால்தான் போனாப் போகுதுன்னு சொல்லும். அதனால் 'நோ'வை எடுத்துட்டு நேர்ப் பெயரைச் சோதிக்கணும்.

நம்ம ஊர்க் கம்பைலரும் உண்டு. ஐபிஎம்மின் எக்ஸ்எல் கம்பைலர்களை உருவாக்கியது பக்கத்து மார்க்கமில் இருக்கும் டொராண்டோ லேப். ஏஐஎக்ஸில் ஓடும் பழைய எக்ஸ்எல் சி-யில் 'டபிள்யூ' என்றால் வார்னிங்கே இல்லை. பிரீபிராசசர், லிங்கர் போன்ற பகுதிகளுக்கு ஆப்ஷன் அனுப்பும் எழுத்து அது. புதிய ஓப்பன் எக்ஸ்எல் கிளாங் மேல் கட்டியது. ஒரே கம்பெனி, ரெண்டு தலைமுறை, ரெண்டு அர்த்தம். பெயரை வைத்து முடிவு பண்ணாமல் ஓட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நான் விழுந்தது மூணாவது குழியில். என் நாலு வரி புரோகிராமில் 'இன்ட் மெயின்' பக்கத்தில் வெறும் அடைப்புக்குறி. உள்ளே 'வாய்ட்' போடலை. டீமில் ஒருத்தர் பொதுவான ஃபிளாக் பட்டியலில் 'ஸ்ட்ரிக்ட் புரோட்டோடைப்ஸ்' சேர்த்தார். நல்ல ஃபிளாக்தான். ஆனால் வெற்று அடைப்புக்குறியைப் பார்த்தால் அது வார்னிங் தரும். என் ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலையும் எடுத்துக்கும், மேலே 'டபிள்யூ எரர்' வேற. முடிஞ்சது. அன்றிலிருந்து எந்த ஃபிளாகைக் கேட்டாலும் "ஆதரவு இல்லை".

விழுந்தவற்றில் ஒண்ணு 'இம்ப்ளிசிட் ஃபால்த்ரூ'. 2017-ல் ஜிசிசி 7-இல் வந்தது. ஸ்விட்ச்சில் பிரேக் மறந்தால் சொல்லும். 'டபிள்யூ ஆல்' போட்டால் இது வராது, தனியாகக் கேட்கணும், அல்லது 'எக்ஸ்ட்ரா' போடணும். நாங்க தனியாகக் கேட்டிருந்தோம். ஒரு கேஸில் பிரேக் இல்லாமல் போய், சில வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடி ரெண்டு தடவை விழுந்தது. டெஸ்ட் எல்லாம் பச்சை. அந்த வாரம் நான் போட்ட மணிநேரத்தை இன்வாய்ஸில் எழுத எனக்கு மனசு வரலை.

ஜிசிசி 15 சி23-ஐ டீஃபால்ட்டாக எடுத்துக்கொள்கிறது. அதில் வெற்று அடைப்புக்குறியும் 'வாய்ட்'டும் ஒண்ணுதான். அப்கிரேட் பண்ணியிருந்தால் இந்தத் தப்பு தானா மறைஞ்சிருக்கும், நானும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.

இப்போ ஸ்கிரிப்ட் முதலில் ரெண்டு கேள்வி கேட்கும். 'டபிள்யூ ஆல்' தெரியுமா? தெரியாதுன்னு வந்தால் சோதனையே உடைஞ்சிருக்கு, நிறுத்து. 'டபிள்யூ மசால்வடை' தெரியுமா? தெரியும்னு வந்தாலும் நிறுத்து. அப்புறம் ஏற்ற ஃபிளாக், விட்ட ஃபிளாக் ரெண்டையும் லாகில் அச்சடிக்கும். சிமேக் பயன்படுத்துறவங்க ஒண்ணு கவனிங்க: சோதனை முடிவை அது கேஷில் வைத்துக்கொள்ளும். ஃபிளாக் பட்டியலை மாத்தினால் பில்ட் ஃபோல்டரை அழிச்சுட்டு ஓட்டுங்க.

திருத்தி ஓட்டின அன்னைக்கே இன்னும் ரெண்டு ஸ்விட்ச் மாட்டிச்சு. ஒண்ணு வரி கணக்குல.