டிராம்பே: பள்ளி தேடிய தலைமுறையும் வாசிப்பைத் தேடும் தலைமுறையும்

மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை மாநகராட்சியே அங்கு கொண்டுவந்து குடியமர்த்தியது. இடம் கிடைத்ததே தவிர, அடிப்படை வசதிகள் ஒழுங்காக வந்து சேரவில்லை. குப்பை அள்ளக்கூட ஆள் வரவில்லை.

கோலார் தங்கவயலில் பிறந்து 1963இல் பம்பாய்க்கு வந்த தமிழ் இளைஞர் ஜோக்கின் அற்புதம், அந்தக் காலனியில் தச்சு வேலை செய்து பிழைத்தார். அவருக்கே முறையான படிப்பு அதிகம் இல்லை. தெருவில் திரிந்த பிள்ளைகளைத் திரட்டிப் பாட வைத்தார். பாட்டுக் கூட்டம் வளர்ந்து முறைசாராப் பள்ளியானது. யாருடைய ஆணைக்கும் காத்திராமல் காலனிக்குள்ளிருந்தே எழுந்த பள்ளி அது. ஒருநாள் அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டி எடுத்துப்போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். எழுத்தோடு உரிமையையும் கற்ற பிள்ளைகள் அவர்கள்.

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பேயிலேயே உள்ள சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். ஜோக்கின் பின்னாளில் உலகறிந்த குடிசைவாழ் மக்கள் தலைவரானார், 2000இல் மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார். அந்த நெடும் பயணத்தின் தொடக்கத்தில் இருந்தது ஒரு குழந்தைகள் பள்ளி என்பதை நாம் மறக்கலாகாது.

அன்றைய குறை, பள்ளியே எட்டாமல் இருந்தது. இன்று கல்வி உரிமைச் சட்டம் 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட 8 மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் எல்லோரும் வாசிப்பதில்லை. அசர் எனப்படும் நாடு தழுவிய கல்வி ஆய்வின்படி 2022இல், கிராமப்புற 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே 2ஆம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தார்.

அந்த ஆய்வை நடத்தும் பிரதம் அமைப்பும் மும்பைக் குடிசைப் பகுதிகளில் பிறந்ததுதான். 1990களின் நடுவில் மாதவ் சவானும் ஃபரிதா லாம்பேயும் அதைத் தொடங்கினார்கள். 3, 4ஆம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை, பால்சகி எனப்பட்ட உள்ளூர் இளம்பெண்கள் தினமும் ஏறத்தாழ 2 மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பித்தார்கள். பொருளியலறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் மும்பையிலும் வடோதராவிலும் ஆராய்ந்து, இந்த முறை பலன் தருகிறது என்று 2007இல் எழுதினார்கள். இன்று பிரதம் பிள்ளைகளை வயதைப் பார்த்துப் பிரிக்காமல், எழுத்து, சொல், பத்தி, கதை என அவர்கள் எட்டியிருக்கும் படியைப் பார்த்துக் குழுவாக்குகிறது. பக்கத்துத் தெரு அக்காவிடம் பிள்ளை கூசாமல் தப்பாக வாசிக்கும், திருத்திக்கொள்ளும். வாசிப்பு அங்கேதான் முளைக்கிறது.

டிராம்பேத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்வழி வகுப்புகளில் சேர்க்கை சுருங்கிவருகிறது. பேசத் தெரிந்த மொழியில் படிக்கத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்கிறது. பெற்றோரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிழைப்புக்கு எது உதவுமோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த பிறகும் மாலையில் தமிழ்க் கதை வாசிக்கத் தடையில்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

ஆகவே புத்தகம் கிடைக்கிறது, பள்ளியும் இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆள்தான் வேண்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், டிராம்பே என எங்கெல்லாம் தமிழர் மன்றங்களுக்கு ஓர் அறை இருக்கிறதோ, அங்கெல்லாம் வாரத்தில் இரண்டு மாலை அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் முறைவைத்து வந்தால் போதும். அதிகம் படிக்காத ஒரு தச்சர் தொடங்கியதை, படித்த நாம் தொடர முடியாதா?