மாற்றியமைத்த வண்டிக்கு என்ன விலை?

பழைய நகையை விற்கப் போனால் கடைக்காரர் எடை பார்ப்பார், கல்லைக் கழிப்பார், அன்றைய தங்க விலையால் பெருக்குவார். வாங்கும்போது நாம் கொட்டிக் கொடுத்த செய்கூலி அந்தக் கணக்கில் வராது. ஆசை ஆசையாக மாற்றியமைத்த காரை விற்க வருகிறவருக்கும் இதேதான் நடக்கிறது. அவர் கையில் பில் கட்டு இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் பழைய கார் கன்சல்டிங்காரர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

மஹிந்திரா 2010-இல் கொண்டுவந்த முதல் தலைமுறை தார் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதிகம் மாடிஃபை செய்யப்படும் வண்டிகளில் அதுவும் ஒன்று. ஒருவர் அதற்கு சஸ்பென்ஷனை உயர்த்தி, அகலமான டயர் மாட்டி, இரும்பு பம்பரும் விஞ்ச்சும் வைத்து, சீட்டை மாற்றி, மேலே ஹார்ட் டாப் போட்டு, எஞ்சினை ரீமேப்பும் செய்திருக்கிறார். மொத்தச் செலவு 4 லட்சம் என்று வையுங்கள். எதையும் தொடாத அதே வருட வண்டி சந்தையில் 7 லட்சத்துக்குப் போகிறது. அவர் மனதில் இருக்கும் விலை 11 லட்சம். கன்சல்டிங்கில் கேட்பதோ 6 லட்சம்.

வண்டியைச் சுற்றி வந்தால் இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று புரியும். டயரில் கணக்கில் வருவது மிச்சமிருக்கும் பட்டன் மட்டுமே. பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் பழசென்றால் விலை இல்லை. விஞ்ச், அலாய் வீல் போன்றவற்றைக் கழற்றித் தனியே விற்கலாம், அதனால் அவற்றில் பாதியாவது தேறும். டிங்கரிங், பெயின்ட், வயரிங் ஆகியவற்றுக்குக் கொடுத்த கூலி திரும்பி வராது. ரீமேப் விலையை ஏற்றுவதற்குப் பதில் இறக்கவும் கூடும். டர்போவும் கிளட்ச்சும் எவ்வளவு அடி வாங்கியிருக்குமோ என்ற பயம் வாங்குபவருக்கு வந்துவிடும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

வாங்குபவர்களின் கூட்டமும் இங்கே சிறுத்துவிடுகிறது. லோன் போட்டு வாங்குகிறவருக்கு வங்கி அந்த மாடலின் சந்தை மதிப்பைப் பார்த்துக் கடன் தரும், விஞ்ச்சைப் பார்த்துத் தராது. இன்சூரன்ஸும் அப்படித்தான். ஓர் ஆண்டு தாண்டிய வண்டிக்கு 20 சதவீதம், நான்கு ஆண்டு தாண்டினால் 50 சதவீதம் என்று தேய்மானம் கழித்தே காப்பு மதிப்பைப் போடுகிறார்கள். கூடுதலாக மாட்டியதைத் தனியே சொல்லி, அதற்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அது கணக்கில் சேரும்.

எல்லாவற்றையும் விட விலையை உடைப்பது ஆர்சி. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அனுமதி வாங்கி எஞ்சின் மாற்ற வழி உண்டு, ஆனால் அது ஆர்சியில் ஏற வேண்டும். ஆர்சியில் ஒரு எஞ்சின் நம்பரும் பானெட்டுக்குள் வேறொன்றும் இருந்தால் பெயர் மாற்றமே நின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் உதிரிபாகத்தின் விலைக்குத்தான் கேட்பார்கள். இரும்பு புல் பாருக்கும் மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை சொல்லிவிட்டது. அதை மாட்டிய வண்டியை வாங்குபவர், கழற்றும் செலவையும் மனதில் கழித்துக்கொண்டுதான் பேரத்துக்கு வருவார்.

அப்படியானால் நியாயமான விலை எது? அதற்கு ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? 30 ஆயிரம் கூலியில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து 7 லட்சத்துக்கு விற்று, கழற்றியதை ஒன்றேகால் லட்சத்துக்குத் தள்ளினால் கையில் நிற்பது ஏறக்குறைய 8 லட்சம். அதுதான் தரை, அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. இதே மாதிரி வண்டியைத் தானே செய்ய நினைக்கும் ஆர்வலருக்குச் செலவும் பல மாத அலைச்சலும் மிச்சம். அவர் 9, ஒன்பதரை வரை வரலாம். அது கூரை. ஒரிஜினல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டவருக்கு அந்தத் தரையே இல்லை.

மாற்றியமைத்த வண்டி பெரும் விலைக்குப் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறது. கலிஃபோர்னியாவில் கார்களை மாற்றியமைக்கும் பட்டறை நடத்திய பாரிஸ் (Barris) சகோதரர்கள், பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக ஒரு 1951 மெர்குரி காரை வெட்டி ஒட்டினார்கள். கூரையைத் தாழ்த்தி, நடுத் தூணை எடுத்துவிட்டு, இளம்பச்சை அடித்தார்கள். 1952-இல் கண்காட்சிக்கு வந்த அந்தக் கார் அமெரிக்க கஸ்டம் கலையின் அடையாளமாகவே ஆனது. ஆனால் 1959-இல் ஒரு பள்ளி மாணவர் அதை வாங்கிய விலை 500 டாலர். மோஸ்தர் மாறிப்போயிருந்த காலம் அது. அவர் பல பத்தாண்டுகள் அதை விடாமல் வைத்திருந்து, பழையபடி சீரமைத்தார். 2022-இல் ஃப்ளோரிடா ஏலத்தில் அதே கார் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு தடவையும் விற்றது அதே கைவேலைதான். இடையில் சேர்ந்தவை செய்தவரின் புகழும், கை மாறிய வரலாறு முழுவதும் பதிவாகியிருந்ததும், அந்தக் காலத்தின் சாட்சியாக அதற்குக் கிடைத்த இடமும்.

நம் வண்டிக்கு அப்படியொரு வரலாறு கிடைக்கும் என்று நம்பி விலை வைக்க முடியாது. ஆனால் அந்தக் காரிலிருந்து பதிவுகளைப் பேணும் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். பில்களைக் கூட்டி விலை சொல்லாதீர்கள், செய்த வேலைக்குச் சான்றாகக் காட்டுங்கள். எந்த ஒர்க்‌ஷாப், எந்தத் தேதி, என்ன பாகம் என்று எழுதி வையுங்கள். பிரித்துப்போட்டிருந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள், பெயின்ட்டுக்கு அடியில் பட்டி எவ்வளவு இருக்கிறது என்ற சந்தேகத்தைத் தீர்ப்பவை அவைதான். ரீமேப் செய்ததையும் மறைக்க வேண்டாம், வாங்குபவரின் மெக்கானிக் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். நாலு பேர் பார்த்து நாலு பேரும் தரை விலைக்குக் கீழே கேட்டால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மாட்டியவற்றைத் தனியே விற்றுவிடுங்கள்.