எரிமலையைப் படம் பிடித்த இருவர்

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் நின்று மேற்கே பாருங்கள். வானத்தை முட்டிக்கொண்டு மலை நிற்கும். மேலே ஏலக்காய்த் தோட்டம். கீழ்ச் சரிவில் காய்ந்த புல்.

நம் மலை எரிமலை அல்ல. ஆனாலும் 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் புல் தீப்பிடித்தது. மலை ஏற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். புல் எரிந்ததற்கே இந்தக் கதி! மலையே வெடித்தால்?

அமெரிக்காவில் ஒரு மலை அப்படி வெடித்தது. அதைப் படம் பிடிக்கப் போன இருவரின் கதை இது.

வீங்கிய மலை

வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்று ஓர் எரிமலை. 100 ஆண்டுகளுக்கு மேல் தூங்கிய அது, 1980 மார்ச்சில் விழித்தது. பாறைக் குழம்பு உள்ளே ஏறியது. மலையின் வடபக்கம் நாளுக்குச் சுமார் 5 அடி வீங்கியது!

ரீட் பிளாக்பர்ன், 'கொலம்பியன்' பத்திரிகையின் போட்டோகிராபர். வயது 27. மணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. மலையிலிருந்து சுமார் 8 மைல் தள்ளித் தங்கியிருந்தார்.

காலை மணி 8.32

மே 18, ஞாயிற்றுக்கிழமை. நிலம் குலுங்கியது. வீங்கிய பக்கம் சரிந்தது. கோலி சோடாவைத் திறந்தால் எப்படிச் சீறும்? அப்படி, அடைபட்டிருந்த ஆவி பக்கவாட்டில் சீறியது. சாம்பலும் கல்லும் கலந்த அனல் காற்று மணிக்கு 300 மைல் வேகத்தில் பாய்ந்தது.

பிளாக்பர்ன் காருக்குள் புகுந்தார். கார் சாம்பலில் புதைந்தது. அவர் பிணமாகத்தான் கிடைத்தார். கேமராவும் கிடைத்தது. ஆனால், சூட்டில் படச்சுருள் பாழாகிவிட்டது. அன்று மாண்டவர்கள் மொத்தம் 57 பேர்.

உடலே கவசம்

மலையின் இன்னொரு பக்கம் நின்றவர் ராபர்ட் லேண்ட்ஸ்பர்க். வயது 48. சாம்பல் மேகம் வந்தது. இனித் தப்ப முடியாது என்று தெரிந்துகொண்டார். முடிந்தவரை படம் எடுத்தார். பிறகு படச்சுருளைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். பையின்மேல் கவிழ்ந்து படுத்தார்.

17 நாள் கழித்து உடல் கிடைத்தது. உடலுக்கு அடியில் படங்கள் இருந்தன!

33 ஆண்டுகளுக்குப் பின்

2013-ல், பிளாக்பர்ன் முன்பு எடுத்து, கழுவாமல் விட்டிருந்த ஒரு படச்சுருள் அவருடைய பத்திரிகை அலுவலகத்தில் கிடைத்தது. கழுவிப் பார்த்தார்கள். வெடிப்பதற்கு முன் இருந்த முழு மலை தெரிந்தது. இன்று அந்த மலை 1,300 அடி குறைந்து நிற்கிறது.

அவர்கள் படம் எடுத்தது தொழிலுக்காக. நமக்கு அது தேவையில்லை. மலையில் புகை தெரிந்தால், போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தீ மேட்டை நோக்கி நம்மைவிட வேகமாக ஓடும். முதலில் விலகுங்கள். பிறகு 101-க்குச் சொல்லுங்கள். படம் போனால் போகட்டும். உயிர் போனால் வருமா?